சின்ன ஈக்களைப் படத்தை வைத்து அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியில் சுற்றும்போது எடுத்த ஈ படங்களை வைத்துக்கொண்டு பெயர் தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் கிடைக்கும் கவனம் ஈக்களுக்குக் கிடைப்பதில்லை. அறிவியல் பெயர் பெற்ற ஈ இனங்கள் மட்டும் 1,50,000-க்கு மேல். குடும்பங்கள் 150-க்கு மேல். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரை எட்டாதவை. அதனால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, தேவையும் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

படத்தில் இருப்பது ஈதானா என்று முதலில் எப்படித் தெரிந்துகொள்வது?

சிறகுகளை எண்ணுங்கள். ஈ, கொசு எல்லாம் சேர்ந்த டிப்டெரா வரிசைக்கு ஒரே ஒரு ஜோடி சிறகுதான். பின் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் காம்பும் உருண்டைத் தலையுமாக ஒரு சிறு குமிழ் இருக்கும். அதை ஹால்ட்டியர் என்பார்கள். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஈ உணர்வது இதை வைத்துத்தான். கொசு மாதிரி மெலிந்த உடல் கொண்டவற்றில் பக்கவாட்டுப் படம் எடுத்தால் பளிச்சென்று தெரியும். தடித்த ஈக்களில் சிறகின் அடியில் உள்ள ஒரு வெளிர் செதில் அதை மறைத்துவிடும்.

தேனீ, குளவி வேடம் போடும் ஈக்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. மஞ்சளும் கருப்புமாகப் பட்டை போட்ட மலர் ஈக்களைப் பலர் குளவி என்றே நினைக்கிறார்கள். முகத்தைப் பாருங்கள். ஈ என்றால் கண்கள் தலையை நிறைத்துக்கொண்டிருக்கும், உணர்கொம்பு குட்டையாக முகத்தின் நடுவில் இருக்கும். குளவிக்கு உணர்கொம்பு நீளம், இடுப்பு பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். சில மலர் ஈக்கள் முன்னங்கால்களைத் தூக்கி, நீண்ட உணர்கொம்பு போலவே ஆட்டிக் காட்டும். எனவே முகத்துக்கு முன்னால் நீளமாக எது தெரிந்தாலும் அது எங்கிருந்து முளைக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளை ஈ என்று பயிர்களில் சொல்லப்படுவது ஈயே இல்லை. அதற்கு நான்கு சிறகு, அசுவினிக்கு உறவு. ஆண் மாவுப்பூச்சி இன்னும் குழப்பும். அதற்கும் ஒரு ஜோடி சிறகுதான், பார்க்கக் கொசுக்குட்டி போலவே இருக்கும். ஆனால் வால் பக்கம் மெழுகாலான வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது மாவுப்பூச்சி.

ஒரே ஒரு படத்தை வைத்து இனம் வரை சொல்லிவிட முடியுமா?

சில ஈக்களுக்கு முடியும், பலவற்றுக்கு முடியாது. எந்த ஈ எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற மலர் ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரஞ்சு வயிற்றில் தடித்த கருப்புப் பட்டைக்குப் பக்கத்தில் மெல்லிய கருப்புப் பட்டை ஒன்றும் இருக்கும், இரட்டைக்கோடு போட்டதுபோல. மேலிருந்து எடுத்த சுமாரான படமே போதும். இதற்கு நேர் எதிர், சாம்பல் நிறத்தில் முதுகில் மூன்று கருப்புக் கோடுகளோடு இருக்கும் சதை ஈ. அதே தோற்றத்தில் ஏராளமான இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் அதைக் காட்டாது.

ஆகவே படத்தில் எந்த உறுப்பு தெரிகிறதோ அது எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ அவ்வளவு தூரம்தான் பெயர் போக வேண்டும். குடும்பத்தோடு நின்றால் ஏதோ தோற்றுப்போனதாகப் பலர் நினைக்கிறார்கள். சரியான குடும்பப் பெயர் உண்மையான தகவல். தவறான இனப்பெயர் பதிவேட்டில் ஏறினால் அதை நம்பி வரைபடம் போடுபவர் வரை எல்லாரையும் கெடுக்கும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

படத்தை மட்டும் வைத்துப் புது இனமே அறிவித்திருக்கிறார்களாமே?

ஆமாம். 2015-இல் ஸ்டீபன் மார்ஷல், நீல் ஈவன்ஹுயிஸ் என்ற ஈ ஆய்வாளர்கள் இருவரும் தென்னாப்பிரிக்காவில் படமெடுக்கப்பட்ட ஒரு ஈக்கு மார்லேமியா சைலோகோபே என்று பெயர் வைத்தார்கள். தச்சுத் தேனீயைப் போலவே தோற்றம் கொண்ட ஈ அது. பாதுகாத்து வைத்த உடல் எதுவும் இல்லை, படங்கள்தான் சான்று. அடுத்த ஆண்டே 400-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு இந்த முறையை எதிர்த்தார்கள். அது மிகத் தெளிவான, வேறெதோடும் குழம்பாத தோற்றம் கொண்ட ஈ என்பதால்தான் பெயர் வைத்த அந்த இருவராலும் அந்தத் துணிச்சலை எடுக்க முடிந்தது. 2 மில்லிமீட்டர் கருப்பு ஈக்கு அது செல்லாது.

எந்தெந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும்?

ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட நான்கு கோணத்தில் ஒவ்வொன்று மேல். நேர் மேலிருந்து ஒன்று. சரியான பக்கவாட்டில் ஒன்று. முகத்துக்கு நேராக ஒன்று. சிறகு தட்டையாகத் தெரியும்படி ஒன்று.

எல்லாரும் முதலில் மேலிருந்து எடுக்கிறார்கள், அதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பக்கவாட்டைத்தான் கேட்பேன். மார்பின் பக்கச் சுவரில் உள்ள முள்மயிர்கள், கால்களின் நிறம், ஹால்ட்டியர், வாயுறுப்பு, உணர்கொம்பு எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிடும்.

நெருக்கத்தில் குவியத்தின் ஆழம் மிகக் குறைவு என்பதை மறக்கக்கூடாது. உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி மேக்ரோ லென்ஸில் எடுத்தால், லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணில் குவித்தால் வயிறு மங்கிவிடும். ஆகவே காட்ட வேண்டிய பகுதி கேமராவுக்கு இணையான தளத்தில் இருக்கும்படி கேமராவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சிறகை எடுக்கும்போது இதுதான் முக்கியம். சிறகின் தளத்துக்கு நேராக நின்றால் எல்லா நரம்பும் ஒரே படத்தில் விழும்.

கைபேசி போதுமா?

5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஈக்களுக்குப் பெரும்பாலும் போதும். அதைவிடச் சின்னது என்றால் கிளிப் மாதிரி மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறிவில் பார்த்தால் லென்ஸைவிட வெளிச்சம்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது. நேரடி ஃபிளாஷ் பளபளப்பான முதுகில் வெள்ளைத் திட்டாக விழுந்து எல்லாவற்றையும் அழித்துவிடும். முன்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து வெளிச்சத்தைப் பரவவிட்டால் முள்மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

கிட்டே போனாலே பறந்துவிடுகிறதே?

நம் அசைவை ஈ நம்மைவிடப் பல மடங்கு விரைவாகப் பார்க்கிறது. மெதுவாக, நேர்கோட்டில், நிழல் விழாமல் போங்கள். அதிகாலையில் உடல் சூடாகும் முன் பல ஈக்கள் அசையாமல் இருக்கும். அப்புறம், பறந்துவிட்டால் உடனே துரத்த வேண்டாம். நீள்கால் ஈ, கொள்ளைக்கார ஈ போன்றவை அதே இலைக்கோ குச்சிக்கோ திரும்பி வரும் பழக்கம் உள்ளவை. கேமராவை அந்த இடத்தில் குவித்து வைத்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. முதலில் தூரத்திலிருந்து ஒரு சாட்சிப் படம் எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வோர் அடியாக நெருங்குங்கள்.

அளவை எப்படிச் சொல்வது?

தலையிலிருந்து வயிற்று நுனி வரை, உணர்கொம்பையும் சிறகையும் சேர்க்காமல். ஈ பறந்த பிறகு அது உட்கார்ந்த இலை நரம்பையோ பூவையோ அதே தூரத்தில் அளவுகோலோடு ஒரு படம் எடுத்தால் சண்டையே இல்லை. கண் மதிப்பில் சொன்னால் அனேகமாக எல்லாரும் கூடுதலாகத்தான் சொல்கிறார்கள்.

உணர்கொம்பு எவ்வளவு தூரம் உதவும்?

முதல் பெரும் பிரிவே அங்கேதான். நீளமாக, மணிகள் கோத்ததுபோல் பல கணுக்களோடு இருந்தால் கொசு, கொசு போலவே மெலிந்த மிட்ஜ் பக்கம். குட்டையாக, கடைசித் துண்டிலிருந்து ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் ஈ பக்கம். அந்த மயிருக்கு அரிஸ்டா என்று பெயர். அது மொட்டையா, கிளை விட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். பழத்தைச் சுற்றும் சின்ன ஈயான ட்ரோசோஃபிலாவில் அது கிளை விட்டு, பெரும்பாலும் நுனியில் கவையாகப் பிரியும்.

கொசுவையும் கடிக்காத மிட்ஜையும் பிரிக்க நிற்கும் விதமே போதும். மிட்ஜ் ஓய்வில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். கொசு பெரும்பாலும் பின்னங்கால்களை. நீண்ட உறிஞ்சுகுழல் இல்லை, சிறகில் செதில் இல்லை என்றால் மிட்ஜ் என்பது உறுதியாகிவிடும். உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருந்தால் அது ஆண்.

சிறகு நரம்புகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கோடுகளாகத்தான் தெரிகிறது. எதிலிருந்து தொடங்குவது?

பெயர்களை விட்டுவிடுங்கள். முதலில் கோடுகள் எங்கே நெருங்கியிருக்கின்றன, எங்கே வளைகின்றன, விளிம்பைத் தொடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கி, ஒரு தாளில் சிறகை வரைந்தும் பார்க்கலாம். வரையும்போது கண் தவறவிட்டது கையில் மாட்டும்.

மலர் ஈயில் வெளிப்பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல் திரும்பி, விளிம்புக்கு இணையாக ஓடும். இரண்டாவது விளிம்பு வரைந்ததுபோல் இருக்கும். சிறகின் நடுவில், இருமுனையிலும் எதோடும் சேராத ஒரு போலி நரம்பும் தெரியும். இது தெரிந்தால் குடும்பத்தில் ஐயமே வேண்டாம்.

கூன் ஈ என்று சொல்லத்தக்க ஃபோரிட் ஈக்களில் தடித்த நரம்புகள் எல்லாம் முன்விளிம்பில் நெருக்கியடித்துப் பாதிச் சிறகிலேயே முடிந்துவிடும். அங்கிருந்து மெல்லிய கோடுகள் சில, குறுக்குக் கோடே இல்லாமல் சாய்வாக ஓடும். சியாரிட் மிட்ஜில் சிறகின் நடுவே ஒரு நரம்பு இசைக்கவை வடிவில் இரண்டாகப் பிரியும். ஈரமான சுவர்களில் காணும் அந்துப்பூச்சி போன்ற மயிர் ஈயில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நுனி நோக்கி ஓடும்.

வீட்டு ஈயையும் இப்படிப் பார்க்கலாம். அதன் நடு நரம்பு ஒன்று விளிம்பை நெருங்கும்போது சட்டென்று முழங்கை மடக்கியது போல மேலே வளையும். அதைவிடச் சிறிதாக, நிழலில் ஓயாமல் வட்டமடிக்கும் ஃபானியா ஈயில் அதே நரம்பு நேராகப் போய் விளிம்பைத் தொடும். அந்த ஒரு வளைவே இரண்டையும் பிரித்துவிடும்.

சாம்பல் நிறத்தில், வீட்டு ஈ போலவே இருப்பவற்றை எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் பக்கவாட்டுப் படம் விலைமதிப்பற்றது. பின்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, முள்மயிர்கள் ஒரு செங்குத்து வரிசையாக நிற்கின்றனவா? நின்றால் சதை ஈ, நீல ஈ, டாக்கினிட் ஈ இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு. இல்லையென்றால் வீட்டு ஈயின் குடும்பத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ தேடலாம்.

அடுத்து மார்பின் பின்முனை. முதுகின் கடைசியில் உள்ள முக்கோணத் தட்டுக்குக் கீழே இன்னொரு புடைப்பு பக்கவாட்டில் தெரிந்தால் அது டாக்கினிட். இவற்றின் புழுக்கள் மற்ற பூச்சிகளுக்குள் வளர்பவை. பெரும்பாலும் வயிறு முழுக்க விறைத்த முட்கள் நிற்கும். வயிற்றில் சதுரங்கக் கட்டம் போன்ற திட்டுகள், வெளிச்சத்தின் கோணம் மாறும்போது கருப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொண்டால் சதை ஈ.

பச்சையாகப் பளபளக்கிறது. இது என்ன ஈ?

நிறத்தை மட்டும் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. பளபளக்கும் பச்சை குறைந்தது ஐந்து குடும்பங்களில் இருக்கிறது. ஈ அல்லாத குளவிகளிலும் சின்னத் தேனீக்களிலும்கூட உண்டு.

இலைமேல் உயரமாகக் கால் ஊன்றி, சட்டென்று ஓடி நிற்கும் ஒல்லியான ஈ என்றால் நீள்கால் ஈ. சாணத்திலும் அழுகலிலும் உட்காரும் தடித்த ஈ என்றால் நீல ஈ குடும்பத்து லூசிலியா, கிரைசோமையா என்ற பேரினங்களின் பக்கம் போகலாம். ஆனால் வீட்டு ஈயின் குடும்பத்திலும் நியோமையா என்ற பச்சை ஈ இருக்கிறது; மேலே சொன்ன முள்மயிர் வரிசை அதற்கு இல்லை. சிறகை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, தட்டையான வயிற்றோடு இருந்தால் படைவீரர் ஈ குடும்பமாக இருக்கலாம். அதன் சிறகில் நரம்புகள் முன்பக்கம் ஒதுங்கி, நடுவில் ஒரு சிறு அறை தெரியும். கண்ணில் பட்டைகளோடு கரும்பச்சை மின்னினால் ஃபைசிஃபோரா என்ற பேரினம்.

இதனால்தான் எங்கே உட்கார்ந்திருந்தது என்று நான் முதலில் கேட்கிறேன்.

சிறகில் கோலம் போட்ட ஈக்கள்?

பழத்துக்குள் முட்டையிடும் பழ ஈ குடும்பமான டெஃப்ரிட்டிடே இதில் முதலிடம். உறுதிப்படுத்த, முன்விளிம்பின் அருகே ஓடும் மெல்லிய நரம்பு விளிம்பை நோக்கிச் செங்கோணமாக மடங்குகிறதா என்று பாருங்கள். பெண்ணுக்கு முட்டையிடும் உறை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குடும்பத்தில் பாக்ட்ரோசெரா என்ற பேரினம் மட்டும் கோலம் குறைந்தது. சிறகு கண்ணாடி போல், முன்விளிம்பில் ஒரு கரும்பட்டை, மார்பில் மஞ்சள் கோடுகள். பார்க்கக் குளவி போல இருக்கும்.

வாழைப்பழத்தைச் சுற்றும் ட்ரோசோஃபிலாவையும் பழ ஈ என்றே அழைக்கிறோம். அது வேறு குடும்பம். உடல் 2 முதல் 4 மில்லிமீட்டர், சிவந்த கண், பெரும்பாலும் கோலமில்லாத சிறகு. இதில் ட்ரோசோஃபிலா சுசூகி என்பதன் ஆணுக்குச் சிறகு நுனியருகே ஒரு கரும்புள்ளி உண்டு. ஆசியாவிலிருந்து பரவி 2008-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்டறியப்பட்ட, நல்ல பழத்தையே தாக்கும் இனம் என்பதால் புள்ளி தெரிந்ததுமே இந்தப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ட்ரோசோஃபிலா பயார்மிபெஸ் ஆணுக்கும் அதே இடத்தில் புள்ளி இருக்கிறது. இரண்டையும் பிரிப்பது முன்னங்கால் சீப்பு முட்கள் அமைந்திருக்கும் விதம். அது தெளிவாகத் தெரியாத படத்தில் ட்ரோசோஃபிலா என்ற பேரினப் பெயரோடு நிறுத்துங்கள்.

எறும்பு போன்ற கருத்த உடல், சிறகு நுனியில் ஒரே ஒரு புள்ளி, நடந்துகொண்டே சிறகை ஆட்டுவது, அருகில் சாணம் என்று எல்லாம் சேர்ந்தால் செப்சிட் ஈ.

ஆணா பெண்ணா என்று தெரியுமா?

மலர் ஈ, குதிரை ஈ போன்றவற்றில் பெரும்பாலும் ஆணின் கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொடும்; பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது. வயிற்று நுனியையும் சேர்த்து எடுங்கள்.

விசித்திரமான ஒன்று படத்தில் இருக்கிறது. புது இனமா?

அனேகமாக இல்லை. வாயில் நீர்க்குமிழி தொங்கினால், ஈ வயிற்றிலிருப்பதை வெளியே தள்ளி மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீல ஈக்களில் இது உடலைக் குளிர்விப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். நெற்றியில் ஒரு பை உப்பிப் புடைத்திருந்தால், அது இப்போதுதான் கூட்டை உடைத்து வெளியே வந்த ஈ. அந்தப் பையை வைத்துத்தான் கூட்டின் மூடியைத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும். இந்த நிலையில் உடல் வெளிறி, சிறகு சுருங்கி இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. உடலில் சிவப்பு மணிகள் ஒட்டியிருந்தால் அவை சிற்றுண்ணிகள்.

சிறகை விரித்துத் தூக்கியபடி, வயிறு வீங்கி வெள்ளைப் பட்டைகளோடு செடி நுனியில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும் ஈயையும் பார்க்கலாம். அது என்டமாஃப்தோரா என்ற பூஞ்சையின் வேலை. அந்த வெள்ளைப் பட்டைகள் பூஞ்சைதான், ஈயின் நிறம் அல்ல.

ஈயைப் பார்க்கவே இல்லை, இலையில் வளைந்த வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிறது. பயனுண்டா?

நிறைய. இலைத்துளைப்பான் ஈக்களில் முதிர்ந்த ஈயின் படத்தைவிட, செடியின் பெயரும் கோட்டின் வடிவமும் அதிகம் சொல்லும். கோட்டுக்குள் எச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்பதையும், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படமும் எடுங்கள். சில அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் இதே வேலையைச் செய்யும் என்பதால் செடியை உறுதிப்படுத்துவது அவசியம்.

கணினி தானாகச் சொல்லும் பெயரை நம்பலாமா?

தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். போதுமான படங்கள் கிடைத்த இனங்களைத்தான் அது கற்றிருக்கிறது. கற்காத இனத்தைக் காட்டினால் கற்றவற்றில் நெருங்கியதைச் சொல்லும். பெரிய, அழகான, அடிக்கடி படமெடுக்கப்படும் ஈக்களில் நன்றாகவே சொல்கிறது. சின்ன ஈக்களில் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்குரிய அடையாளம் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். அடையாளத்தைக் காட்ட முடியாத பெயரை ஏற்காதீர்கள், அதை மனிதர் சொன்னாலும் சரி.

படத்தைத் திருத்தலாமா?

வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவது வேண்டவே வேண்டாம். அது இல்லாத முள்மயிரை வரைந்துவிடும். மூலக்கோப்பை எப்போதும் வைத்திருங்கள்.

படத்தோடு என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

தேதி, இடம், அளவு, உட்கார்ந்திருந்த பொருள், செடியின் பெயர், செய்துகொண்டிருந்த வேலை. காளானில் இருந்ததா, ஓடைக் கல்லில் இருந்ததா என்ற ஒரு வரி பல குடும்பங்களைத் தள்ளிவிடும்.

அப்படியானால் ஈயைப் பிடித்தே ஆக வேண்டுமா?

பயிர்ச்சேதம், நோய்ப் பரவல், புது இடத்தில் முதல் பதிவு போன்றவற்றில் உடல் சான்று தேவைப்படும். அதை முறையாகச் செய்யத் தெரிந்தவர்களிடம் விடுவது நல்லது. மற்றபடி படத்துக்கே உரிய பலம் ஒன்று உண்டு. குதிரை ஈக்களின் கண்ணில் பச்சையும் ஊதாவுமாக ஓடும் பட்டைகள் ஈ செத்துக் காய்ந்ததும் மறைந்துவிடும். உட்காரும் விதம், சிறகை ஆட்டும் விதம், கூடும்போது செய்யும் சைகை எதுவும் ஊசியில் குத்திய உடலில் இருக்காது. இவற்றை உயிரோடிருக்கும்போது எடுத்த படமும் காணொளியும்தான் காட்டும். எனவே ஈ ஏதாவது செய்துகொண்டிருந்தால் படம் எடுத்த கையோடு பத்து விநாடி காணொளியும் எடுத்துவிடுங்கள்.